தற்செயல் நடைக்குச் சுருதி சேர்த்தல்

திருமலைக்கு ஏறிச் செல்லும் நடைபாதைகள் இரண்டு என்பதைத் திருப்பதியிலும் சித்தூரிலும் வந்து குடியமர்ந்த நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அலிபிரியிலிருந்து புறப்படும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் படிகள் ஏறத்தாழ 3,550. சந்திரகிரிப் பக்கம் ஸ்ரீநிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்தது; படிகள் 2,388. சேருமிடம் ஒன்றேயாயினும், ஒன்றில் நடை நீளம், மற்றொன்றில் மூச்சு வாங்கும் செங்குத்து. எந்தப் பாதையில், எவ்வளவு எட்டு வைத்து ஏறினால் உடல் வருந்தாமல் விரைவில் சேரலாம் என்று முதியவர்கள் கணக்கிட்டுப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். ஏறக்குறைய இதே வினாவைக் கணிதநூலாரும் ஒரு நூற்றாண்டின் பெரும் பகுதி கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்கள் கேட்டது கணிப்பொறிக்குள்ளே கற்பனை மலையொன்றில் நடக்கும் நடையைப் பற்றியது.

‘தற்செயல் நடை’ என்பது அதன் பெயர். அந்த நடையைக் கொண்டு மாதிரிகளைத் திரட்டி, அறியாத அளவுகளை மதிப்பிடுவது இன்றைய புள்ளியியலின் தலையாய கருவிகளுள் ஒன்றாகி விட்டது. 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகத்திலும், 2015-இல் திருப்பதிக்கு வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், அதே ஆண்டு வந்த இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலும் பயிலும் இளைஞர்கள் நம் குடும்பங்களில் பலர் உளர். அவர்கள் மாலையில் வீடு திரும்பி, “ஏற்பு விகிதம் சரியாக வரவில்லை” என்று முகம் வாடி உட்கார்ந்தால், தாய் தந்தையர்க்கு அது இன்னதென்று விளங்க வேண்டாமா? அதன் பொருட்டே இக்கட்டுரை.

மூடுபனி சூழ்ந்த மலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்க. அதன்மேல் கண்ணைக் கட்டிய வழிப்போக்கன் ஒருவன் நிற்கிறான். அவன் கையில் நிற்குமிடத்தின் உயரத்தைக் காட்டும் கருவி ஒன்று மட்டும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு திசையில், ஏதோ ஓர் அளவில், தற்செயலாய் ஓர் அடி எடுத்து வைக்க நினைக்கிறான். நினைத்த இடம் தான் நிற்கும் இடத்தைவிட உயரமானால் தயங்காமல் செல்கிறான். தாழ்வானால், இரண்டு உயரங்களின் விகிதத்தைப் பார்க்கிறான். புதிய இடம் பாதி உயரமே உடையதாயின் இரண்டில் ஒரு வாய்ப்பும், பத்தில் ஒரு பங்கு உயரமாயின் பத்தில் ஒரு வாய்ப்பும் கொடுத்துச் சீட்டுக் குலுக்குவது போல் முடிவு செய்கிறான். சீட்டு ‘போ’ என்றால் போகிறான்; ‘நில்’ என்றால் நின்ற இடத்திலேயே நிற்கிறான். நின்றாலும் அந்த இடத்தை மறுபடியும் ஒருமுறை கணக்கேட்டில் எழுதிக்கொள்கிறான். இந்த மறுமுறை எழுதுதலைப் புதிதாய்ப் பயிலும் மாணவர் பலர் மறந்து விடுவர். மறந்தால் விடை பிழையாகும்.

இவ்வாறு நெடுநேரம் நடந்தபின் அவனுடைய காலடித் தடங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு வியப்புக் காணலாம். உயரமான இடங்களில் தடங்கள் மிகுந்தும், தாழ்ந்த இடங்களில் குறைந்தும், உயரத்தின் விகிதப்படியே அவை பரவியிருக்கும். மலையின் முழு வடிவத்தையும் ஒருபோதும் கண்ணால் காணாதவன், தன் காலடியாலேயே அதன் படத்தை வரைந்து விடுகிறான்!

இதற்கு நம் சித்தூர்ச் சீமைக்குரிய உதாரணம் ஒன்று தருவோம். எண்கள் கற்பனையே; ஆனால் கணக்கு மெய். மாந்தோப்பு ஒன்றில் 20 மரங்களைச் சோதித்ததில் 6 மரங்களில் நோய் காணப்பட்டது என்க. தோப்பு முழுவதிலும் நூற்றுக்கு எத்தனை மரம் நோயுற்றிருக்கும்? 30 என்று உடனே சொல்லி விடலாம். ஆயினும் 25 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். ஒவ்வோர் ஊகத்துக்கும் எவ்வளவு ‘உயரம்’ கொடுப்பது? நோயுற்ற பங்கை ஆறு தடவையும் நோயற்ற பங்கை பதினான்கு தடவையும் பெருக்கி வருவதே அந்த உயரம். இப்போது நம் வழிப்போக்கன் 30 என்னும் இடத்தில் நிற்கிறான். ஓர் அடி வைத்து 31-க்குப் போக நினைத்தால், பெருக்கிப் பார்க்க, உயர விகிதம் 0.995, ஏறத்தாழ நிச்சயமாகப் போய்விடுவான். பத்து வைத்து 40-க்குப் போக நினைத்தால் விகிதம் 0.65, மூன்றுக்கு இரண்டு முறை போவான். நாற்பது தாண்டி 70-க்குத் தாவ நினைத்தாலோ விகிதம் 0.0011, ஏறக்குறைய 900 முறை முயன்றால் ஒருமுறை அனுமதி கிடைக்கும். இங்கேதான் ‘சுருதி சேர்த்தல்’ என்னும் கலை தொடங்குகிறது. வீணையின் தந்தி தளர்ந்தாலும் நாதம் இல்லை, மிக முறுக்கினாலும் இல்லை.

சிறிய அடியில் என்ன குறை என்று நேயர்கள் கேட்கலாம். எப்போதும் அனுமதி கிடைக்கிறதே, அது நல்லதன்றோ? அன்று. தற்செயல் நடையின் இயல்பே வேறு. 1905-இல் ஆங்கிலப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன், ஒவ்வோர் அடிக்கும் திசையை மாற்றிக்கொண்டே நடப்பவன் எவ்வளவு தூரம் போய்ச் சேர்வான் என்று ‘நேச்சர்’ இதழில் ஒரு கேள்வி எழுப்பினார். ராலே பிரபு விடை தந்தார். 100 அடி நடந்தவன் 10 அடித் தொலைவே போயிருப்பான். 10,000 அடி நடந்தவன் 100 அடித் தொலைவே. அடிகளின் எண்ணிக்கைக்கு வர்க்க மூலம் எதுவோ அதுவே தொலைவு. இந்த விஷயம் முழுவதையும் 1943-இல் ஒரு நீண்ட கட்டுரையில் தொகுத்தளித்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையாரின் உத்தியோகத்தின் பொருட்டுக் குடும்பம் லாகூரில் இருந்தபோது 1910-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்றவர் அவர். விண்மீன்களின் இயக்கத்தையும் கூழ்மத் துகள்களின் அசைவையும் ஒரே கணக்கில் அடக்கிக் காட்டிய அக்கட்டுரையை இன்றும் அறிஞர் எடுத்துப் படிக்கின்றனர்.

மாந்தோப்புக்குத் திரும்புவோம். அந்த மலையின் அகலம், அதாவது ஊகங்கள் பரவியிருக்கும் அளவு, நூற்றுக்கு 10-க்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றாக அடி வைப்பவன் அந்த அகலத்தை ஒருமுறை கடக்கவே நூறு அடி வேண்டும். பழைய இடத்தின் நினைவு முற்றும் நீங்கிப் புதிய செய்தி ஒன்றைச் சொல்ல ஏறக்குறைய 400 அடி வேண்டும். எனவே அவன் 10,000 அடி நடந்தாலும் நமக்குக் கிடைப்பது 25 மரியாதையான மாதிரிகளே. மலையின் அகலத்தைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு, அதாவது 23 அளவில் அடி வைப்பவனுக்கோ நூற்றுக்கு 44 முறையே அனுமதி கிடைக்கும்; பாதிக்கு மேல் நின்ற இடத்திலேயே நிற்பான். ஆயினும் நாலைந்து அடிக்கு ஒரு புதிய செய்தி கிடைத்து விடும். அதே 10,000 அடியில் 2,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள்! அடிக்கடி மறுக்கப்படுகிறவனே விரைவில் ஊரறிகிறான்.

இவ்வளவு சிறிய கணக்குக்கு இந்த நடையே தேவையில்லை, காகிதத்தில் போட்டு விடலாம் என்பது உண்மை. அறியாத அளவு ஒன்றாக இல்லாமல் பத்தோ நூறோ ஆகும்போதுதான் இம்முறையின் அருமை தெரியும்.

இம்முறை பிறந்த கதையையும் சொல்லி விடுவோம். அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் என்னும் ஆராய்ச்சிக் கூடத்தில் ‘மேனியாக்’ என்ற ஆரம்பகாலக் கணிப்பொறி ஒன்று இருந்தது. 1953-இல் நிக்கலஸ் மெட்ரோபோலிஸ், மார்ஷல் ரோசன்புளூத், அவர் மனைவி அரியானா ரோசன்புளூத், எட்வர்ட் டெல்லர், அவர் மனைவி அகஸ்தா டெல்லர் ஆகிய ஐவர் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒரு தளத்தில் 224 வட்டத் துகள்களை நெருக்கி வைத்து, ஒவ்வொன்றையும் தற்செயலாய்ச் சிறிது அசைத்துப் பார்ப்பது அவர்கள் செய்த வேலை. அசைவின் உச்ச அளவைக் கவனமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும், மிகப் பெரிதானால் பெரும்பாலான அசைவுகள் மறுக்கப்படும், மிகச் சிறிதானால் நிலை போதிய அளவு மாறாது, எப்படியும் காலம் நீளும் என்ற எச்சரிக்கையை அந்த முதற்கட்டுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு என்று எண் சொல்லவில்லை.

முறைக்கு மெட்ரோபோலிஸ் பெயர் நிலைத்து விட்டது. ஆனால் அவர் கணிப்பொறியில் நேரம் ஒதுக்கித் தந்ததற்கு மேல் இதில் பங்குகொள்ளவில்லை என்று மார்ஷல் ரோசன்புளூத் 2003-இல் கூறினார். மேனியாக்கில் ஓடும்படி அந்தக் கணக்கை ஆணை ஆணையாக எழுதிக் கொடுத்தவர் அரியானா அம்மையார். பெயர்ப் பட்டியலில் முதலாவது யார் என்பதைக்கொண்டு உழைத்தவர் யார் என்று முடிவு செய்வது எவ்வளவு தவறு! அந்த அம்மையார் பின்னர் குழந்தைகளை வளர்ப்பதற்காக ஆராய்ச்சியை விட்டு விலகினார். 2020 டிசம்பரில் தமது 93ஆம் வயதில் காலமானார்.

1970-இல் ஹேஸ்டிங்ஸ் என்பவர் இம்முறையை விரிவாக்கினார். ஆயினும் புள்ளியியலார் இதைப் பரவலாகக் கையில் எடுத்தது 1990-ஐ ஒட்டித்தான். அதுவரை இயற்பியலார் தம் அனுபவத்தைக்கொண்டு, பாதி அடிகள் ஏற்கப்படும்படி வைத்துக்கொண்டால் போதும் என்று ஒரு பழக்கம் வைத்திருந்தனர். 1997-இல் ராபர்ட்ஸ், கெல்மன், கில்க்ஸ் என்ற மூவர் இதற்கு ஒரு தேற்றத்தை நிறுவினர். அறியாத அளவுகள் பலவாக இருக்கும்போது, நூற்றுக்கு 23.4 அடிகள் ஏற்கப்படும்படி சுருதி சேர்த்தால் நடை மிகச் சிறக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

எங்கிருந்து வந்தது இந்த விசித்திர எண்? அடியின் நீளம் ஒரு தட்டு, ஏற்கப்படும் வாய்ப்பு மறு தட்டு. நீளத்தை அதனாலேயே பெருக்கி, ஏற்பு விகிதத்தாலும் பெருக்கினால் நடையின் வேகம் கிடைக்கிறது. நீளத்தைக் கூட்டினால் ஏற்பு குறையும். குறையும் விதம் மணிவடிவக் கோட்டின் வால்பகுதியைப் பொறுத்தது. பொது அளவு ஒன்றில் நீளத்தை 1 என்று வைத்தால் நூற்றுக்கு 62 அடிகள் ஏற்கப்படும், வேகம் 0.62. நீளம் 2 ஆனால் ஏற்பு 32, வேகம் 1.27. நீளம் 2.38-இல் ஏற்பு 23.4, வேகம் 1.33, இதுவே உச்சம். நீளம் 3 ஆனால் ஏற்பு 13; வேகம் 1.20. நீளம் 4 ஆனால் ஏற்பு 4½, வேகம் 0.73. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மணிவடிவக் கோட்டின் அட்டவணையை வைத்துக்கொண்டு இந்த எண்களைத் தாமே சரிபார்க்கலாம்: நீளத்தில் பாதிக்கு அப்பால் உள்ள வால்பகுதியை இரட்டித்தால் ஏற்பு விகிதம் வந்து விடும்.

இந்த எண்களைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். உச்சிக்கு அருகே மேடு தட்டையாக இருக்கிறது. 32 ஏற்கப்பட்டாலும் வேகத்தில் நூற்றுக்கு 4 தான் நஷ்டம். 13 ஏற்கப்பட்டால் நஷ்டம் 9. ஆகவே 23.4 என்னும் எண்ணைத் தசம புள்ளிக்குப் பின்னும் துரத்திக்கொண்டு இரவெல்லாம் கண் விழிக்கும் மாணவன் வீணாக உடலை வருத்திக்கொள்கிறான் என்பது என் கருத்து. ஆனால் 80 ஏற்கப்படுகிறதே என்று மகிழ்ந்திருப்பவன் நிலை வேறு. அவனுக்குக் கிடைப்பது உச்ச வேகத்தில் நூற்றுக்கு 15 மட்டுமே. ஒரு நாளில் முடிய வேண்டிய கணக்கு ஒரு வாரம் ஓடும்.

அறியாத அளவுகள் கூடக் கூட, ஒவ்வொன்றிலும் வைக்கும் அடி குறைய வேண்டும் என்பது இதன் மறுபாதி. நம் வீட்டுச் சமையலறை இதை விளக்கும். சாம்பாரில் உப்பு ஒன்றை மட்டும் சற்றுத் தாராளமாக மாற்றினால் எப்படியோ உண்டு விடலாம். உப்பு, புளி, மிளகாய், பெருங்காயம், மல்லி, பருப்பு என்று அத்தனையையும் ஒரே நாளில் அதே தாராளத்துடன் மாற்றினால் இலையில் அமர்ந்தவர் எழுந்து போவது உறுதி. பலவற்றை ஒருசேர மாற்றுகிறவள் ஒவ்வொன்றையும் சிறிதாகவே மாற்ற வேண்டும். எவ்வளவு சிறிதாக? அளவுகளின் எண்ணிக்கைக்கு வர்க்க மூலம் கண்டு, 2.38-ஐ அதனால் வகுக்க வேண்டும். நான்கு அளவுகளுக்கு, அவை பரவியிருக்கும் அகலத்தைப் போல் 1.19 மடங்கு, 25 அளவுகளுக்கு 0.48, நூறு அளவுகளுக்கு 0.24. மிகச் சிறந்த சுருதியில்கூடப் பத்து அளவுகள் உள்ள கணக்கில் ஒரு நல்ல மாதிரிக்கு ஏறத்தாழ 30 அடியும், நூறு அளவுகள் உள்ள கணக்கில் 300 அடியும் நடந்தாக வேண்டும். அதற்கு மேல் இந்த நடையை விரைவுபடுத்த வழியில்லை.

‘நல்ல மாதிரி’ என்று பலமுறை சொல்லி விட்டோம். அதை அளப்பது எப்படி என்பதில் நம் நாட்டார் ஒருவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1940-இல் சென்னையில் பிறந்த சீனிவாச வரதன், கூடூர் மார்க்கத்து ரயிலில் போவோர் கண்டிருக்கும் பொன்னேரியில் பள்ளிப்படிப்பு முடித்தவர். தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். 1959-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி. ஆர். ராவ் அவர்களிடம் ஆராய்ச்சி செய்தார். அவருடைய ஆய்வேட்டைப் பார்வையிட்டவருள் ருஷ்ய மேதை கொல்மொகோரோவும் ஒருவர். 1963-இல் நியூயார்க்கில் உள்ள கூரண்ட் நிறுவனத்துக்குச் சென்றவர், 2007-இல் கணிதத்துக்குரிய ஆபெல் பரிசைப் பெற்றார்.

அவரும் கிளோத் கிப்னிஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரும் 1986-இல் வெளியிட்ட கட்டுரை, திருப்பிப் பார்த்தாலும் முன்னோக்கிப் பார்த்தாலும் ஒன்றுபோலவே தோன்றும் நடைகளைப் பற்றியது. துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நகரும் இயற்பியல் பிரச்சினைக்காக எழுதப்பட்டது அது. மெட்ரோபோலிஸ் நடையும் அவ்வாறு திருப்பக்கூடிய நடையே யாதலால், அதன் முடிவு நம் வழிப்போக்கனுக்கு நேரே பொருந்துகிறது. அவன் நடந்த இடங்களின் சராசரியில் உள்ள பிழை மணிவடிவக் கோட்டின்படியே அமையும்; அப்பிழையின் அகலம், அடிக்கு அடி உள்ள ஒட்டுறவு எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதால் தீர்மானிக்கப்படும். எந்த நிபந்தனையில் இது செல்லும் என்பதை அவ்விருவரும் நுட்பமாக வரையறுத்தனர். மேலே நாம் 400 அடி, 5 அடி என்று சொன்னதெல்லாம் இந்த ஒட்டுறவின் நீளமே. இத்துறையில் தமிழ்ப் பெயர் இன்னும் உண்டு: கிருஷ்ண ஆத்ரேயா, ஹானி தாஸ், ஜெயராம் சேதுராமன் மூவரும் 1996-இல் எழுதிய கட்டுரை, எங்கே தொடங்கினாலும் இந்த நடை தன் மலையை வந்தடையும் என்பதற்குரிய நிபந்தனைகளைத் தெளிவாக்கிற்று.

இதுவரை மலை உருண்டையானது போலப் பேசினோம். உண்மையில் அது சேஷாசலத் தொடர்போல ஒரு திசையில் நீண்டும் குறுக்கே ஒடுங்கியும் கிடக்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அடி வைப்பவன் குறுக்கே வைத்த அடியெல்லாம் பள்ளத்தில் விழ, மறுக்கப்பட்டுக்கொண்டே இருப்பான். அதற்கு அஞ்சி அடியைச் சுருக்கினால், நீளவாக்கில் நகர யுகம் ஆகும். ஆகவே நீளத்தை மட்டுமன்றி அடியின் வடிவத்தையும் மலைக்கு ஏற்பச் சேர்க்க வேண்டும். மலையோ மூடுபனியில் இருக்கிறது. வடிவம் தெரிவது எவ்வாறு?

பின்லாந்து நாட்டு அறிஞர்களான ஹாரியோ, சக்ஸ்மன், தம்மினென் மூவரும் 2001-இல் ஓர் உபாயம் சொன்னார்கள். இதுவரை நடந்த தடங்களைப் பார்த்து மலையின் சாய்வை ஊகித்து, அதன்படி அடுத்த அடியின் வடிவத்தை நடையே மாற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். வான்வெளி ஆராய்ச்சியிலிருந்து எழுந்த தேவை இது. 2002-இல் விண்ணில் ஏவப்பட்ட ‘என்விசாட்’ செயற்கைக்கோளின் கருவி ஒன்று, விண்மீன் ஒளி வளிமண்டலத்தில் மங்குவதைக்கொண்டு ஓசோனின் அளவை ஊகிக்க வேண்டியிருந்தது. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போகும்போது காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்குள்ள ரேடார் 1,024 ஆன்டெனாக்களைக்கொண்டு வானத்தை நோக்கி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியிலிருந்து மேலேயுள்ள காற்றின் வேகத்தை அறிகிறது. கண்ணுக்குத் தெரிந்ததைக்கொண்டு தெரியாததை ஊகிக்கும் இத்தகைய துறைகளே தற்செயல் நடைக்குப் பெரிதும் வேலை கொடுப்பவை.

பழைய தடத்தைப் பார்த்து நடையை மாற்றுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடுத்த அடி இப்போது நிற்கும் இடத்தை மட்டுமே பொறுத்தது என்பது இம்முறையின் அஸ்திவாரம். கடந்தகாலம் முழுவதையும் நினைவில் வைத்து நடப்பவன் அந்த அஸ்திவாரத்தைக் கலைத்து விடலாம்; தடங்கள் மலையின் விகிதப்படி அமையாமல் போகலாம். மாற்றங்கள் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தால்தான் தீங்கில்லை என்று ராபர்ட்ஸும் ரோசன்தாலும் 2007-இல் நிறுவினர். சாதாரண மாணவனுக்கு எளிய வழி ஒன்றுண்டு. முதலில் சில ஆயிரம் அடி நடந்து சுருதி சேர்த்துக்கொள்வது. பின்பு சுருதியைத் தொடாமல் நடப்பது. முதலில் நடந்த தடங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. கச்சேரி தொடங்கிய பின்னும் நரம்பை முறுக்கிக்கொண்டே இருப்பவரை யார் கேட்பார்கள்?

இனி இந்த முழு விஷயத்திலும் மிகவும் அஞ்ச வேண்டிய இடத்துக்கு வருவோம். ஒரு மாவட்டத்தில் மாம்பூ உதிர்ந்து விளைச்சல் குறைந்து விட்டது என்க. காலமல்லாக் காலத்தில் பெய்த மழை ஒரு காரணமாகலாம்; தத்துப்பூச்சி ஒரு காரணமாகலாம். கிடைத்த விவரங்கள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. அப்போது நம் கற்பனை மலைக்கு இரண்டு சிகரங்கள். நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்கு. வழிப்போக்கன் பூச்சிச் சிகரத்தின் பக்கம் நடையைத் தொடங்கினான். அச்சிகரத்துக்கு ஏற்ப அவனுடைய அடி அழகாகச் சுருதி சேர்ந்து விட்டது. ஏற்பு விகிதம் 23.4. மாணவன் மகிழ்ந்து, பூச்சியே காரணம், ஐயமில்லை, என்று அறிக்கை எழுதுகிறான். அதைப் படித்த விவசாயி கடன் வாங்கி மருந்து தெளிக்கிறான். பள்ளத்தாக்குக்கு அப்பால் அதே உயரத்தில் மழைச் சிகரம் நிற்பதை அந்த வழிப்போக்கன் கடைசி வரையில் அறியவே இல்லை. ஏற்பு விகிதமோ, சராசரியோ, பிழையின் அளவோ எதுவும் அவனை எச்சரிக்கவில்லை. தவறான விடை அமைதியான முகத்துடன் வந்து நிற்கும்போது அதை யார் சந்தேகிப்பார்கள்?

இதற்குக் கண்ட பரிகாரங்களுள் பரவலாக வழங்குவது 1992-இல் கெல்மனும் ரூபினும் கூறியது. ஒருவனை அனுப்பாமல் நால்வரை அனுப்புக. ஒருவருக்கொருவர் வெகுதொலைவில், மலையின் நான்கு புறத்திலும் அவர்களை நிறுத்தித் தொடங்குக. நெடுநேரம் நடந்தபின் நால்வரின் கணக்கேடுகளையும் ஒப்பிடுக. ஒவ்வொருவர் ஏட்டுக்குள்ளும் உள்ள விரிவும், நால்வரையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும் விரிவும் ஏறக்குறைய ஒன்றானால் நம்பலாம். இரண்டின் விகிதம் 1-ஐ விட்டு விலகி நின்றால் நம்பலாகாது. நால்வரும் ஒரே சிகரத்தின் அடிவாரத்தில் தொடங்கியிருந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றும். ஆதலால் தொடக்க இடங்களைத் தேர்வதில் சோம்பல் கூடாது. நம் வீட்டுப் பிள்ளை ஏற்பு விகிதத்தைப் பற்றிப் பேசினால், எத்தனை பேரை எங்கெங்கே நிறுத்தித் தொடங்கினாய் என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

23.4 என்பது மலையின் சரிவை அறியாமல் நடக்கும் எளிய நடைக்கு மட்டும் உரியது. சரிவு எப்பக்கம் என்று ஒவ்வோர் அடியிலும் கணக்கிட்டு, அதன்படி சற்றே சாய்ந்து நடக்கும் முறைக்கு 57.4 உகந்தது என்று ராபர்ட்ஸும் ரோசன்தாலும் 1998-இல் காட்டினர். உருண்டோடும் கோலிக்குண்டுபோல் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு செல்லும் ஹாமில்டன் முறைக்கு அந்த எண் 65.1 என்று 2013-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. இன்று மாணவர் பலர் கையாளும் ‘ஸ்டான்’ என்னும் மென்பொருள், அம்முறையின் ஒரு வகையை வைத்துக்கொண்டு, யாரும் மாற்றாவிட்டால் 80-ஐ இலக்காகக்கொண்டு தானே சுருதி சேர்த்துக்கொள்கிறது. ஆகையால் எண்ணைப் பார்த்து மகிழவோ வருந்தவோ செய்யும் முன், கணிப்பொறிக்குள் நடப்பவன் எந்த வகை வழிப்போக்கன் என்று முதலில் கேட்டறிய வேண்டும்.